கஞ்சா சட்டமும் நியாயமும்: எடைத் தராசுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி இது: "கனடா, ஜெர்மனி எல்லாம் கஞ்சாவை அனுமதித்துவிட்டன. தனிமனித உரிமை என்கிறார்கள் சிலர், சமூகம் கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். நீதி என்ற கோணத்தில் பார்த்தால் எது சரி? நீங்கள் வக்கீல் என்பதால் கேட்கிறேன். எனக்குப் பதினேழு வயதில் ஒரு மகன் இருக்கிறான், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்."

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கஞ்சா கெடுதலா என்பது ஒன்று. கஞ்சாவோடு பிடிபட்டவனை அரசு என்ன செய்யலாம் என்பது இன்னொன்று. டீக்கடையானாலும் டிவி விவாதமானாலும் முதல் கேள்விக்குப் பதில் சொன்னதும் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 'கெடுதல்தானே, அப்புறம் என்ன, பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே.' முதல் கேள்வியை டாக்டர்களிடம் விடுகிறேன். நான் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டாவதை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கு. லாரி கிளீனர், 23 வயது. ஆந்திராப் பக்கமிருந்து வந்த லாரியில், தார்ப்பாய்க்கு அடியில், பிரவுன் டேப் சுற்றிய பதினொரு பண்டல்கள். மொத்தம் 22 கிலோ சொச்சம் என்று மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் போலீஸ் எழுதிவைக்கும் பதிவில், எழுதியிருந்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்ற இடத்தில் 'பூ, காய், இலை, தண்டு கலந்த கஞ்சா' என்று ஒரே வரி. சட்டத்தின்படி கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். இலையும் விதையும் அந்த நுனியோடு சேர்ந்து வந்தால் ஒழியக் கஞ்சாக் கணக்கில் சேராது. தண்டையும் டேப்பையும் கழித்து எடை போடுங்கள், 20 கிலோவுக்குக் கீழே வந்துவிடும் என்று நான் வாதாடினேன். எல்லாம் ஒன்றாகக் கலந்துதானே கிடந்தது என்றது அரசுத் தரப்பு. ஜாமீன் கிடைக்கவில்லை.

இரண்டு கிலோ தண்டுக்காக ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், அதாவது எல்லோரும் என்டிபிஎஸ் என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கஞ்சாவுக்கு இரண்டு கோடுகள் உண்டு. ஒரு கிலோவுக்குள் இருந்தால் சிறு அளவு: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றுக்கும் இருபதுக்கும் நடுவே பத்து வருடம் வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கிடையாது. நீதிபதி ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்துக் குறைக்க முடியும். 20 கிலோவைத் தாண்டினால் 'கமர்ஷியல் குவான்டிட்டி'. அங்கே குறைந்தது பத்து வருடம், அதிகபட்சம் இருபது, அபராதம் குறைந்தது ஒரு லட்சம். நீதிபதியின் கையைச் சட்டமே கட்டிவிடுகிறது. பாலியல் வன்கொடுமைக்கு நம் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை எவ்வளவு தெரியுமா? அதுவும் பத்து வருடம்தான். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் எந்த நீதிக் கோட்பாட்டோடும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

தண்டனையைக் கூட விடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் 37-ஆம் பிரிவு வந்துவிடும். 'இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது' என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத கட்டத்தில் அதை எப்படிக் காட்டுவது? சொல்லே தலைகீழாக நிற்கிறது பாருங்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ஒரு கஞ்சா வழக்கில் இதைக் கண்டித்தது. 23 வயதில் கைதானவர், ஏழு வருடத்துக்கும் மேலாக விசாரணைக் கைதியாகவே உள்ளே இருந்தார். பிரிவை எழுத்துக்கு எழுத்து அப்படியே படித்தால் யாருக்குமே ஜாமீன் கிடைக்காது என்று சொல்லி அவரை விட்டார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ஏழு வருடம்?

என் கிளீனர் இரண்டு வருடம் நான்கு மாதம் உள்ளே இருந்தான். கடைசியில் விடுதலை, அதுவும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கவில்லை என்ற காரணத்தால். அந்தப் பண்டல்கள் யாருடையவை, யாரிடம் போய்ச் சேர இருந்தன என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வரி கிடையாது. லாரியில் அவனுடைய பேட்டா ஒரு நடைக்கு 600 ரூபாய்.

இன்னொரு விஷயம். மற்ற குற்றங்களில் நீ செய்தாய் என்று அரசு நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் பொருள் உன் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், தெரிந்தே வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் (35, 54-ஆம் பிரிவுகள்). தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. பஸ்ஸில் உங்கள் சீட்டுக்கு அடியில் யாரோ வைத்த பையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 'கஞ்சா கேஸ் போட்டுடுவேன்' என்ற மிரட்டல் எவ்வளவு பழையது என்று உங்களுக்கே தெரியும். கொலை கேஸ் போட்டுடுவேன் என்று யாரும் மிரட்டுவதில்லை. கொலைக்கு ஒரு பிணம் வேண்டும். கஞ்சாவுக்கு ஒரு பொட்டலம் போதும். இதற்கு மேல் குண்டர் சட்டம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு அந்தச் சட்டத்தின் நீண்ட தலைப்பிலேயே போதைப்பொருள் குற்றவாளிகளும் வருகிறார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை அடைத்துவைக்கலாம்.

கொஞ்சம் நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் தூஃபான் சிங் என்பவர் தமிழ்நாடு அரசை எதிர்த்து நடத்திய வழக்கில், போதைத் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. அதற்கு முன், அடித்து வாங்கியதா கேட்டு வாங்கியதா என்று தெரியாத ஒரு தாளே பலரை உள்ளே அனுப்பியது.

அமர்த்தியா சென் நீதியையும் நியாயத்தையும் பிரித்துப் பேசுவார். விதியும் அமைப்பும் ஒழுங்காக இருப்பது ஒன்று. அது மக்கள் வாழ்க்கையில் என்னவாக முடிகிறது என்பது இன்னொன்று. நமக்கு இது புதிதில்லை. 'சட்டப்படி சரி, ஆனா நியாயமா?' என்று நாமே தினம் கேட்கிறோம். கஞ்சா விவாதத்தில் எனக்குப் பயன்படுவது இந்தப் பிரிவுதான். தாளில் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. 2021-இல் மும்பைக் கப்பல் சோதனையில் ஒரு பெரிய நடிகரின் மகன் கைதானார். அவரிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. நாட்டின் மிகப் பெரிய வக்கீல்கள் வந்து வாதாடியும் ஜாமீனில் வெளியே வர நான்கு வாரம் ஆனது. அடுத்த ஆண்டு மே மாதம், அவர் மீது குற்றச்சாட்டு இல்லை என்று கைவிட்டார்கள். அவருக்கே நான்கு வாரம் என்றால், வக்கீல் ஃபீஸுக்கு ஆட்டை விற்கிற வீட்டுப் பையனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தடை என்பது நம் பண்பாட்டிலேயே இருந்ததா என்றால், இல்லை. 1893-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து இங்கே ஒரு கமிஷன் போட்டார்கள், இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன். 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள். அதில் எனக்குப் பிடித்த பகுதி பைத்தியக்கார விடுதிகளைப் பற்றியது. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அன்றும் எல்லோரும் நம்பினார்கள். விடுதிப் பதிவேடுகளும் அதையே காட்டின. 1892-இல் சேர்ந்தவர்களில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பாங்கு (செடியின் இலை), சரஸ் (அதன் பிசின்) என்று எழுதியிருந்தது. கமிஷன் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தது. ஆளைக் கூட்டிவந்த போலீஸ்காரர், படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாமல் கஞ்சா என்று நிரப்பியிருந்தது தெரியவந்தது. உண்மையில் தொடர்பு இருக்கலாம் என்று மிஞ்சியது 98. அதிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்கவை 61. தடை வேண்டாம், வரி போடு, உரிமம் கொடு, அளவோடு குடிப்பவனைத் தொந்தரவு செய்யாதே, தடுத்தால் இதைவிட மோசமான ஊமத்தைக்கும் சாராயத்துக்கும் போவான் என்பது போன்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். காலனி அரசுக்கு வரி வருமானம் வேண்டும், அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் படிவத்தின் அந்தக் கட்டம் என் மனதை விட்டுப் போவதில்லை. என் வழக்கின் மகஜரும் அதே மாதிரி ஒரு கட்டம்தான்.

பிறகு 1961-இல் போதைப்பொருட்களைக் கட்டுப்படுத்த ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. இந்தியா பேசிப் பேசி இலையை வரையறைக்கு வெளியே எடுத்தது. பழக்கத்தை நிறுத்த 25 வருட அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் முடிவதற்குள் 1985-இல் சட்டம் வந்தது. அதனால்தான் வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு வாங்கலாம், அதே செடியின் பூவை வைத்திருந்தால் சிறை. 2020 டிசம்பரில் வியன்னாவில் இருக்கும் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்கில் எடுத்தபோது, எடுக்கலாம் என்று வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் அப்படி, உள்ளூர் கோர்ட்டில் இப்படி.

நாடுகளை ஒப்பிட்டால் அபத்தம் இன்னும் பளிச்சென்று தெரியும். 2023 ஏப்ரலில் சிங்கப்பூரில் 46 வயதுத் தமிழர் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது குற்றம். அங்கே 500 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை. அவர் அந்தப் பொருளைக் கையால் தொடவில்லை; அவருடையவை என்று சொல்லப்பட்ட இரண்டு தொலைபேசி எண்கள்தான் அவரை வழக்கோடு இணைத்தன. அதே மாதம், விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாங்காக்கில், கண்ணாடி ஜாடியில் போட்டுக் கஞ்சா விற்றுக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்திருந்தது. இந்தியாவில் அந்த 1,017.9 கிராமுக்கு என்ன? சிறு அளவைவிடப் பதினெட்டு கிராம் கூடுதல். பத்து வருடம் வரை கொடுக்கலாம், ஆறு மாதமும் கொடுக்கலாம். ஒரே செடி, ஒரே எடை. கொலை எல்லா ஊரிலும் குற்றம், திருட்டு எல்லா ஊரிலும் குற்றம். எல்லை தாண்டினால் கடைச்சரக்காகிற ஒன்றுக்கு உயிரை எடுப்பதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன்.

தனிமனித உரிமை வாதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னதின் சாரம், அடுத்தவனுக்குத் தீங்கு வராதவரை ஒருவனை அவன் நன்மைக்காக என்று சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் குடும்பங்களில் 'எனக்கு மட்டும்தான் கெடுதல்' என்று எதுவும் கிடையாது. ஒருவன் குடித்தால் நாலு பேர் பட்டினி. அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவும் போதைப் பொருட்களைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அதனால் இந்த வாதத்தை மட்டும் வைத்து நான் வழக்கை ஜெயிக்கப் பார்க்க மாட்டேன். ஆனால் 47-ஆவது பிரிவு சாராயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2003-இலிருந்து அரசே டாஸ்மாக் கடையைத் திறந்து சில்லறையில் விற்கிறது. ஒன்றுபோல் இருப்பதை ஒன்றுபோல் நடத்து என்பது நீதியின் அரிச்சுவடி. இரண்டில் ஒன்றுக்குக் கல்லாப்பெட்டி, இன்னொன்றுக்குக் கைவிலங்கு என்றால் வித்தியாசத்தை அரசு விளக்க வேண்டும். 'டாஸ்மாக்கே தப்பு, இதில் இன்னொன்றா' என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேளுங்கள், அது நல்ல கேள்வி. அது கடை திறப்பதற்கு எதிரான வாதம். வைத்திருந்தவனை உள்ளே தள்ளுவதற்கு ஆதரவான வாதம் ஆகாது.

தென்னாப்பிரிக்காவில் இந்த உரிமை வாதம் வேறு வழியில் ஜெயித்தது. கேரத் பிரின்ஸ் ஒரு ரஸ்தஃபாரியர், அதாவது கஞ்சா புகைப்பதை வழிபாடாகக் கருதும் மதப் பிரிவைச் சேர்ந்தவர், என்னைப் போல் சட்டம் படித்தவர். கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றவர், இனியும் புகைப்பேன், அது என் வழிபாடு என்று சொன்னார் என்பதற்காக அவரை வக்கீல் தொழிலில் சேர்க்க மறுத்தார்கள். மத உரிமை என்று வழக்குப் போட்டு 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று தோற்றார். விடவில்லை. 2018 செப்டம்பரில் அதே நீதிமன்றம், இந்த முறை ஒருமனதாக, வயது வந்தவர் தனிப்பட்ட இடத்தில் தன் உபயோகத்துக்குக் கஞ்சா வளர்ப்பதும் வைத்திருப்பதும் அந்தரங்க உரிமைக்குள் வரும் என்றது. விற்பனையை அனுமதிக்கவில்லை. 'வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதே, கடையும் போடாதே' என்ற அந்த நடுவழி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் கடை போட்ட நாடுகளில் வேறொரு அநியாயம் முளைத்தது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அங்குள்ள சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யு வெளியிட்ட அறிக்கையின்படி, கறுப்பரும் வெள்ளையரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். வைத்திருந்ததாகக் கைதாவது மட்டும் கறுப்பருக்கு 3.73 மடங்கு அதிகம். கொலராடோவும் வாஷிங்டனும் 2012-இல் வாக்கெடுப்பில் அனுமதித்தபோதே இந்தப் பாகுபாடும் பேசப்பட்டது. ஆனால் வியாபாரம் தொடங்கியதும் உள்ளே வந்தவர்கள் யார்? நாடாளுமன்றக் கீழவையின் தலைவராக இருந்த ஜான் பெய்னர், 2011-இல் அனுமதியை ஒருபோதும் ஏற்கவே மாட்டேன் என்று எழுதியவர், 2018-இல் ஒரு கஞ்சா நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். கறுப்பர் தெருவில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கோ, பழைய தண்டனை பதிவில் இருப்பதால் வேலை கிடைப்பதே கஷ்டம். பங்கு ஒருவருக்கு, பதிவு இன்னொருவருக்கு.

இதைச் சரிசெய்யச் சில மாநிலங்கள் முயன்றன. இல்லினாய் 2020-இல் விற்பனையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே, ஆளுநர் 11,000 பேருக்கு மேல் மன்னிப்பு வழங்கினார். நியூயார்க்கில் முதல் கடை உரிமங்களைக் கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒதுக்கினார்கள். யோசனை அருமை, நடந்தது வேறு. வழக்குகளில் சிக்கி உரிமங்கள் மாதக்கணக்கில் நின்றன, அதற்குள் உரிமமே இல்லாத கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கனடா 2018-இல் அனுமதித்தது, அடுத்த வருடம் பழைய பதிவுகளை இலவசமாக ஒதுக்கிவைக்கிறோம் என்றது. ஆனால் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் அப்படிச் செய்துகொண்டவர்கள் சில நூறு பேர்தான். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைந்து பழைய காகிதங்களைத் திரட்டிக் கொடுக்கச் சொன்னால் யார் போவார்கள்?

தடைக்கு ஆதரவானவர்கள் சொல்வதில் எனக்கு உறைக்கிற ஒன்று உண்டு. இன்று விற்கும் சரக்கு 1894-இன் கஞ்சா இல்லை. போதைச் சத்தான டிஎச்சி கூடுதலான ரகங்கள், சின்ன வயதில் தொடங்கினால் மூளைக்குப் பாதிப்பு, சிலருக்கு மனப்பிறழ்வு: இவையெல்லாம் பூச்சாண்டி இல்லை. தாய்லாந்து தகுந்த சட்டம் போடாமலே கதவைத் திறந்துவிட்டு, 2025 ஜூனில் மருந்துச்சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. ஜெர்மனி அதைவிட யோசித்துச் செய்தது: 2024 ஏப்ரலிலிருந்து வெளியே 25 கிராம், வீட்டில் 50 கிராம், மூன்று செடி. ஜூலையிலிருந்து லாபநோக்கில்லாத சங்கங்கள். அந்தச் சங்கங்களிலும் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாதம் 30 கிராம்தான், டிஎச்சி பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. விளம்பரம் கிடையாது.

நம் நாட்டுக்கு என் யோசனை என்ன என்றால், கடை வேண்டாம். சிறு அளவு வைத்திருந்ததைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். கூலிக்குச் சுமந்தவனுக்கும் முதலாளிக்கும் எடையை மட்டும் வைத்து ஒரே தண்டனை கொடுப்பதை நிறுத்தி, யார் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். 37-ஆம் பிரிவு போக வேண்டும். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் வேறு பயிருக்கு விலை கிடைக்காமல் இதைப் பயிரிடும் பழங்குடிகளிடம் போலீஸுக்கு முன்னால் வேளாண்துறை போக வேண்டும். இதையெல்லாம் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதாது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது பொட்டலம் விற்கிறவன் பையனின் ஆதார் கார்டைப் பார்த்து வயது கேட்பதில்லை. அதனால் தடை அவனைக் காக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருவேளை அவனோ அவன் நண்பனோ பழகிவிட்டால், போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போவதற்கு முன் 64-ஏ பிரிவை நினைவில் வையுங்கள். அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் மாட்டியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம், அதனால் சேர்க்கை நாளிலிருந்து டிஸ்சார்ஜ் வரை எல்லாச் சீட்டையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டவர்கள் அனேகமாக யாரும் இல்லை. சில நேரம் எதிர்த் தரப்பிலும்.